கணக்கை மேசையில் வையுங்கள்

கோலாலம்பூரில் இந்தியர் பொருளாதாரம், தமிழ்ப்பள்ளி, வேலைவாய்ப்பு என்று எந்தக் கருத்தரங்கு நடந்தாலும் முடிந்தவரை போய்விடுவேன். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், ஜாலான் சுல்தான் சுலைமானில் இருக்கும் துன் சம்பந்தன் மாளிகை என்று இடம் மாறும். மேடை மாறுவதில்லை. ஓர் அரசியல்வாதி, ஒரு பேராசிரியர், ஒரு நிறுவனத்தின் தலைவர். மூவரும் நன்றாகவே பேசுகிறார்கள், பலர் உண்மையான அக்கறையோடு பேசுகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நினைவில் இருக்கும். எதை வைத்துச் சொன்னார்கள் என்பது இருக்காது. எத்தனை குடும்பம், எந்த ஆண்டு, யார் எண்ணியது, எப்படி எண்ணியது, அந்த அறிக்கை எங்கே கிடைக்கும்? இதெல்லாம் மேடைக்கு வருவதே இல்லை. கேட்கலாம் என்று எழுந்தால் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டிய நேரம் வந்துவிடும்.

எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. இந்த நாட்டில் தமிழர் வாழ்க்கையைத் தொட்ட பெரிய விவாதங்களை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அது வெளியே வந்த இடத்தில் ஏதோ ஒரு வழி பிறந்தது. உள்ளே போன இடத்தில் பேச்சுதான் மிஞ்சியது.

தோட்டத் துண்டாடலில் இருந்து தொடங்குகிறேன். இளையவர்கள் பலருக்கு இந்தக் கதை தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். 1950-களில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது, சுதந்திரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. இனி என்ன ஆகுமோ என்ற பயத்தில் ஆங்கிலேய முதலாளிகள் சிலர் ரப்பர் தோட்டங்களை விற்க ஆரம்பித்தார்கள். வாங்கியவர்களில் பலருக்கு ரப்பர் பயிரிடும் எண்ணம் இல்லை. பெரிய தோட்டத்தை வாங்கி, சிறு சிறு துண்டாக வெட்டி, லாபம் வைத்து விற்றார்கள்.

துண்டு போட்டால் என்ன, மரம் அதே மரம்தானே என்று தோன்றலாம். விஷயம் சட்டத்தில் இருந்தது. 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் அது தோட்டம். அதற்குக் கீழே போனால் சிறு உடைமை. தோட்டம் என்றால் லயத்து வீடு (வரிசைக் குடியிருப்பு), தண்ணீர், மருந்தகம், ஆயாக் கொட்டகை (குழந்தைக் காப்பகம்), பிள்ளைகளுக்குப் பள்ளி என்று முதலாளிக்குப் பொறுப்புகள் இருந்தன. துண்டுகளை வாங்கியவருக்கு அந்தப் பொறுப்பில் பெரும்பகுதி இல்லை. தன் குடும்பத்தை வைத்தே மரத்தைச் சீவிப் பால் எடுத்துக்கொள்வார், அல்லது குத்தகைக்கு விடுவார். இரண்டு தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த தொழிலாளிக்கு ஒரே நாளில் வேலையும் போகும், வீடும் போகும். பிள்ளை படித்த பள்ளியும் ஆளில்லாமல் நின்றுபோகும். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். என் தாத்தா பேராக்கில் பால்மரம் வெட்டியவர். பக்கத்துத் தோட்டம் கைமாறிய போது குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு சாலையோரம் நின்றதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடுத்தது நம் தோட்டமா என்ற பயத்தில் வீட்டுக்கு ஒரு புதுப் பாத்திரம்கூட வாங்கவில்லையாம் பாட்டி.

இந்த நேரத்தில் மூன்று வகை மனிதர்கள் மூன்று வேலை செய்தார்கள்.

முதலில் ஆய்வாளர். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் மூன்று பாகங்களாக அறிக்கை தந்தார். எந்தத் தோட்டம், எத்தனை துண்டு, விளைச்சல் என்ன ஆனது, தொழிலாளர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்து, இது நாட்டின் பொருளாதாரத்துக்கும் தொழிலாளர்களுக்கும் கெடுதல் என்ற முடிவுக்கு வந்தார். அவர் தமிழர் அல்ல. நம்மவர்கள் பட்ட பாட்டை நாட்டின் பிரச்சினையாக எழுத்தில் வைத்த மலாய்ப் பேராசிரியர். கம்பத்து வீடுகளில் வறுமையை அளக்க, வீட்டில் ஆளுக்கு எத்தனை கைலி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த மனிதரும் அவர்தான். ஹஜ் பயணத்துக்கு மக்கள் எப்படிச் சேமிக்கலாம் என்று 1959-இல் அவர் எழுதிக் கொடுத்த ஒரு திட்டத்தாளில் இருந்துதான் இன்றைய தாபோங் ஹாஜி வளர்ந்தது. கூட்டுறவு இயக்கத்தின் தேசிய அமைப்பான அங்காசாவை உருவாக்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பேராசிரியர் பொது வாழ்வில் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் இவர் பெயர்தான்.

அடுத்து அரசியல்வாதி. துன் வீ.தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அவர் தந்தையே ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். 1955 முதல் 1973 வரை இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர், சுதந்திர மலாயாவின் அமைச்சர். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். விற்கிற தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்குவோம், அவ்வளவுதான் யோசனை. ஒரு பங்கு நூறு வெள்ளி (ரிங்கிட்). கையில் இல்லாதவர்கள் தவணையாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பல வருடம் ஏமாற்றப்பட்ட மக்களிடம், உன் சம்பளத்தில் இருந்து பணம் கொடு என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எண்ணிப் பாருங்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கி, பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அந்தச் சங்கத்தின் கைக்கு வந்தன. பல்லாயிரம் தொழிலாளர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள்.

மூன்றாவது ஆள் நிர்வாகி. கூட்டத்தில் பேசி நிதி திரட்டுவது ஒரு கலை. திரட்டிய பணத்தை வருடக்கணக்கில் காப்பது வேறு கலை. டான்ஸ்ரீ கே.ஆர். சோமசுந்தரம் அந்தச் சங்கத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். ஜாலான் சுல்தான் சுலைமானில் நிற்கும் அந்த மாளிகையும், நம் இலக்கியக் கூட்டங்கள் நடக்கும் அவர் பெயரிலான அரங்கமும் அப்படி வந்தவை. கூட்டுறவுச் சங்கம் என்பதால் ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு, தணிக்கை உண்டு, ஒரு சாதாரண பங்குதாரர் எழுந்து கேட்க இடம் உண்டு. எல்லாரும் எல்லாவற்றிலும் திருப்தி அடைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது.

பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவு வந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமென்றால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்கிறது அது. இன்றும் நிலப் பரிமாற்றம் செய்யும் வழக்கறிஞர்கள் அந்தப் பிரிவைத் தொடாமல் தோட்ட நிலத்தை விற்க முடியாது. ஏராளமான குடும்பங்களுக்கு அது தாமதமாகத்தான் வந்தது. இருந்தாலும், எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட ஒரு துயரம் கடைசியில் சட்டப் புத்தகத்தில் இடம் பிடித்தது.

எண்பதுகளில் வந்த மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ம.இ.கா. முன்னின்று தொடங்கியது. 66,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் சுமார் 106 மில்லியன் ரிங்கிட் போட்டார்கள். சிலர் நகையை அடகு வைத்துப் போட்டதாக இன்றும் பேசுகிறார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. 2010-இல் டான்ஸ்ரீ ஞானலிங்கத்தின் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 சென் என்ற விலையில் வாங்கிக்கொள்ள முன்வந்தது. அவர் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தை நடத்தியவர். கால் நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்தவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. இடையில் என்ன நடந்தது என்பதைச் சாதாரண பங்குதாரர் புரிந்துகொள்ளும் மொழியில், வரிசையாக, யாரும் சொல்லிவைத்து நான் பார்த்ததில்லை. மைக்காவைப் பற்றிய மேடைப் பேச்சுகளும் குற்றச்சாட்டுகளும் எத்தனையோ கேட்டிருக்கிறேன்.

சரி, அடுத்தது 2006. இது பலருக்கு நினைவிருக்கும்.

ஒன்பதாவது மலேசியத் திட்டத்தில் அரசு வெளியிட்ட கணக்கின்படி, 2004-இல் நாட்டின் நிறுவனப் பங்குடைமையில் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடிகளும்) 18.9 விழுக்காடு, சீனர்களுக்கு 39 விழுக்காடு, இந்தியர்களுக்கு 1.2 விழுக்காடு. பூமிபுத்ராக்களின் 30 விழுக்காட்டு இலக்கு எட்டப்படவில்லை என்பதற்கு அந்த 18.9 ஆதாரமாக இருந்தது. அதே ஆண்டு, அஸ்லி என்ற ஆய்வு நிறுவனத்தின் பொதுக் கொள்கை மையம் வேறொரு கணக்கைப் போட்டது. மையத்தின் தலைவர் டாக்டர் லிம் தெக் கீ. பங்குச் சந்தையில் உள்ள சுமார் 1,000 நிறுவனங்களைச் சந்தை மதிப்பில் எடுத்து, அரசு சார்ந்த நிறுவனங்களின் பங்கில் பெரும்பகுதியைப் பூமிபுத்ரா பங்காகக் கொண்டால், அது 45 விழுக்காடு வரை இருக்கலாம் என்றது. அரசின் கணக்கோ பதிவு பெற்ற லட்சக்கணக்கான நிறுவனங்களை முகமதிப்பில், அதாவது பங்கில் எழுதியிருக்கும் விலையில், எடுத்தது.

இரண்டு முறைக்கும் நியாயம் இருக்கிறது, இரண்டிலும் குறையும் இருக்கிறது. முகமதிப்பில் ஒரு வெள்ளிப் பங்கு சந்தையில் பத்து வெள்ளிக்குப் போனாலும் ஒரு வெள்ளிதான். இன்னொரு பக்கம், அரசு நிறுவனத்தின் பங்கை ஓர் இனத்தின் சொத்து என்று எழுதலாமா என்பதும் நல்ல கேள்வி. ஒரு நாடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இதைவிட வேறென்ன? பேசவில்லை. அரசியல் கொதித்தது. அஸ்லியின் தலைவராக இருந்த மிர்சான் மகாதீர், ஆய்வு முறையில் குறை இருக்கிறது என்று அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். லிம் தெக் கீ தன் ஆய்வில் உறுதியாக நின்று பதவி விலகினார்.

அந்த வாரங்களில் என்னை உறுத்தியது வேறொன்று. 18.9-ஆ 45-ஆ என்று நாடே சண்டை போட்டது. நம்முடைய 1.2 அப்படியே கிடந்தது. அந்த 1.2 எப்படி வந்தது, அதில் மைக்காவில் பணம் போட்ட தொழிலாளியும் கோடீஸ்வரர் ஆனந்த கிருஷ்ணனும் ஒரே கூட்டலில்தான் வருகிறார்களா, அவரைப் போன்ற நாலைந்து பேரைக் கழித்தால் என்ன மிஞ்சும்? நான் அன்று போன எந்த மேடையிலும் யாரும் இதை எழுப்பவில்லை. 2020-க்குள் இந்தியர் பங்கை 3 விழுக்காடாக்குவோம் என்று அதே திட்டம் சொன்னது. அந்த 3 எல்லாப் பேச்சிலும் வந்தது. எந்த வழியில், எந்த வருடம் எவ்வளவு என்ற கேள்வியை யாரும் துரத்தவில்லை. 2007 நவம்பர் 25-ஆம் தேதி, இந்தியர் உரிமைக்காகக் குரல் கொடுத்த ஹிண்ட்ராஃப் அமைப்பின் அழைப்பில் பல்லாயிரம் பேர் கோலாலம்பூர் தெருவில் இறங்கினார்கள். அன்று கண்ணீர்ப் புகைக்கு நடுவே நின்றவர்களில் பலர் எந்த அறிக்கையையும் படித்தவர்கள் அல்ல. ஆனால் அறிக்கைகள் பதில் சொல்லாமல் விட்ட அத்தனையும் அவர்கள் வாழ்க்கையாக இருந்தது.

ஓர் எண் வெளியே வந்து நேராக மோதினால் என்ன நடக்கும் என்பதற்கு 2019 நல்ல உதாரணம். அந்த ஆகஸ்டில், கடும் வறுமை குறித்த ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மலேசியாவுக்கு வந்தார். சட்டப் பேராசிரியர். நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு கோலாலம்பூரில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். மலேசியாவில் வறுமை வெறும் 0.4 விழுக்காடு என்ற அரசின் கணக்கை ஏற்க முடியாது என்றார். வறுமைக்கோடு அப்போது ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட். நான்கு பேர் குடும்பம் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு வெள்ளி. அதில் வாடகை, பஸ், பள்ளிச் சீருடை, சாப்பாடு எல்லாம் அடக்கம். செந்தூலில் மூன்று அறை அடுக்குமாடி வீட்டில் இருக்கிற எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார், அதில் ஒருவேளைச் சாப்பாட்டைத் தாண்டி ஒன்றும் நடக்காது என்று. உண்மையான அளவு 16 முதல் 20 விழுக்காடு வரை இருக்கலாம் என்பது ஆல்ஸ்டனின் மதிப்பீடு.

அமைச்சகம் உடனே மறுத்தது. எங்கள் கணக்கு உலகம் ஏற்ற முறைப்படி போட்டது என்றது. உள்ளூர் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதையே சொல்லிவந்தார்கள், அவர்கள் சொன்னபோது இவ்வளவு சத்தம் எழவில்லை. ஆனால் இந்த முறை எண் வெளியே வந்துவிட்டது. எட்டு வெள்ளி என்பதை யார் வேண்டுமானாலும் தன் வீட்டுச் செலவோடு வைத்துப் பார்க்க முடிந்தது. 2020 ஜூலையில் அரசே வறுமைக்கோட்டை 2,208 ரிங்கிட்டாக உயர்த்தியது. புதிய கோட்டின்படி 2019-இன் வறுமை 5.6 விழுக்காடு, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அதற்கு முந்தைய நாள்வரை அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை அரசின் கணக்கில் ஏழைகளே இல்லை. உதவிக்கு விண்ணப்பித்தால் நீங்கள் தகுதி பெறவில்லை என்ற பதில் வரும். கோடு மாறியதும் அந்த மக்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். எண்ணில் என்ன இருக்கிறது, மனசு இருந்தால் போதும் என்று சொல்கிற நண்பர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

2018-இல் நமக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஆட்சி மாறிய சில நாட்களில் மூத்தோர் மன்றம் ஒன்றை அமைத்தார்கள். தலைவர் முன்னாள் நிதியமைச்சர் டாயிம். உடன் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர் செத்தி, தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் முன்னாள் தலைவர் ஹசான் மரிக்கான், தொழிலதிபர் ராபர்ட் குவோக், பினாங்கில் பிறந்த பொருளியலாளர் ஜோமோ குவாமே சுந்தரம். அரசியல், ஆய்வு, நிர்வாகம் மூன்றும் ஒரே மேசையில். 100 நாள் வேலை செய்து பிரதமரிடம் அறிக்கை கொடுத்தார்கள். அந்த முழு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரவே இல்லை. உள்ளே பொருளாதாரம் பற்றி எவ்வளவோ நல்ல யோசனை இருந்திருக்கும். ஐ.நா.வில் பெரிய பொறுப்பு வகித்த ஜோமோ போன்ற ஒருவர் தன் நாட்டுக்கு எழுதிக் கொடுத்ததை நாட்டு மக்கள் படிக்க முடியவில்லை என்பது எனக்கு இன்றும் மனம் ஆறாத விஷயம்.

பினாங்கில் இதற்கு நேர்மாறான ஒரு பழக்கத்தை வளர்த்தவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ். தமிழ்நாட்டில் இருந்து சிறுவயதில் வந்தவர், தொழிலால் வணிகர், பேராசிரியரோ அமைச்சரோ அல்ல. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு, 2019-இல் இறக்கும்வரை, தலைவராக இருந்தார். அந்தச் சங்கத்தின் வழி எளிமையானது. ஒருவர் புகார் கொண்டுவந்தால் கேட்பார்கள், பொருளை வாங்கிச் சோதனைக்கு அனுப்புவார்கள், கிராமத்துக்கே போய் விசாரிப்பார்கள், கிடைத்ததை எழுதுவார்கள், பத்திரிகைகளுக்குக் கொடுப்பார்கள். தமிழிலும் கொடுப்பார்கள், அதுதான் எனக்கு முக்கியம். மீனவர் பிரச்சினையோ உணவில் கலப்படமோ, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பாட்டிக்கும் அந்தத் தகவல் போய்ச் சேர்ந்தது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்துகொண்டு ஆய்வாளரின் வேலையைச் செய்தார், கட்சிக்கு வெளியே இருந்துகொண்டு அரசியல்வாதியின் வேலையைச் செய்தார்.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், நம் முன்னால் ஒரு தேதி இருக்கிறது. 2017 ஏப்ரலில் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். பத்தாண்டுத் திட்டம், 2026 வரை. ஆட்சிகள் மாறிவிட்டதால் அது யாருடைய பிள்ளையும் இல்லாமல் நிற்கிறது. ஆனால் அதில் எண்கள் இருந்தன, அதுதான் அதன் பலம். பி40 பிரிவில் (வருமானத்தில் கீழே உள்ள 40 விழுக்காடு) 227,600 இந்தியக் குடும்பங்கள் என்று எழுதியிருந்தார்கள். அரசுப் பணியில் இந்தியர் 7 விழுக்காடு என்று இலக்கு வைத்திருந்தார்கள். அதன்பிறகு இந்தியர் முன்னேற்றத்துக்கான அரசு அமைப்பான மித்ரா வந்தது, ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கீடு வந்தது, அந்த அமைப்பு பிரதமர் துறைக்கும் ஒற்றுமை அமைச்சுக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்தது. மித்ராவை யார் நடத்த வேண்டும் என்பது பற்றி நம் தலைவர்கள் பேசிய அளவு, அந்த 227,600 இப்போது எத்தனை என்பது பற்றிப் பேசவில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர் எவரும் அமைச்சரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேள்வி கேட்கலாம். எழுத்தில் பதில் வரும், பதிவாகும், நாமும் படிக்கலாம். கருத்தரங்கில் கேட்கும் கேள்வி காற்றோடு போய்விடும், அங்கே கேட்டது நிற்கும். அதனால் என் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். மூன்று கேள்விகள் மட்டும். 2017 திட்டத்தில் எழுதிய அந்த 227,600 குடும்பங்களை அதே முறையில் மறுபடி எண்ணினால் இன்று எத்தனை? அரசுப் பணியில் இந்தியர் விழுக்காடு 2017 முதல் ஆண்டுவாரியாக என்ன, கீழ்நிலை மேல்நிலை என்று பிரித்து? மித்ரா பணம் எந்த ஆண்டு எந்த வேலைக்குப் போனது, அதனால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?

உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் இதே மூன்றை அனுப்புங்கள். தமிழோ மலாயோ, எது வருமோ அதில் எழுதுங்கள். அடுத்த கருத்தரங்கில் பேராசிரியரையும் நிறுவனத் தலைவரையும் பார்த்தால் அவர்களிடமும் கொடுங்கள். நம்மைவிட அவர்கள் கேட்டால் கதவு சீக்கிரம் திறக்கும். எனக்குப் பதில் வந்ததும் அட்டவணையோடு முழுவதும் இங்கே தமிழில் போடுகிறேன்.